மிதக்கிறதா என்று கேட்டவர்

7

“கார் கிழக்கே நிக்குது. அதனால ஆள் கிழக்கே இல்லை.”

இப்படிச் சொல்லிவிட்டு ஸ்வான்ஹில், காணாமல் போனவரின் சமையலறையில் அவருடைய நாற்காலியையே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஸ்கார்விக் காவல் நிலையத்தை மூடியபோது சீருடையைத் திருப்பிக் கொடுத்தவள், மூக்கை நுழைக்கும் பழக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது சொந்தமாக ஒரு துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள்.

“பாஸ், இந்தக் கணக்குப்படி பார்த்தா என் கார் உங்க ஆபீஸ் வாசல்ல நிக்குது. அப்ப நான் எங்க இருக்கேன்?” என்றான் அவளுடைய உதவியாளன் இங்வார்.

“ஆபீஸ்ல இல்லை. அது எனக்கு எப்பவோ தெரியும்.”

அடுப்போரம் நின்ற தூரி சிரிக்கவில்லை. காணாமல் போனவர் அவளுடைய அப்பா ஹால்டன். எழுபத்து நான்கு வயது. நேற்றுக் காலை ஏழு மணிக்கு, சதுப்பில் விளையும் மூல்ட்டெப் பழம் பறிக்க வாளியோடு போனவர் இன்னும் திரும்பவில்லை. ராத்திரி குளிர் நாலு டிகிரி. அவருடைய இதய மாத்திரை டப்பா ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் கிளம்ப மாட்டேன் என்றுவிட்டது. ஊர்க்காரர்கள் முப்பது பேர் விடிந்ததிலிருந்து கிராமீரா சதுப்பைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா எங்க பறிப்பாரு, தூரி?”

“கிழக்கே, கிராமீராவுல. அவரே சொல்லியிருக்காரு. காரும் அங்கதானே நிக்குது?”

“சரி. நீ எங்க பறிக்கிறேன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கே?”

தூரியின் கழுத்து வரை சிவந்தது. “கிராமீராவுல.”

இங்வார் வாயைப் பொத்திக்கொண்டான். கிராமீராவில் ஒரு வாளி பழம் தேறாது. ஆனாலும் ஸ்கார்விக்கில் யாரைக் கேட்டாலும் அங்கேதான் பறிக்கிறேன் என்பார்கள். காரை அங்கே நிறுத்திவிட்டு மலையைச் சுற்றி வேறு திசைக்கு நடப்பார்கள். பெற்ற மகளுக்கும் கட்டிய மனைவிக்கும் பழ இடத்தைச் சொல்லாமலே கண்ணை மூடியவர்கள் அந்த ஊரில் ஏராளம். தேடப் போன முப்பது பேருக்கும் இது தெரியும். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது? திறந்தால் ‘அப்போ நீ எங்கே பறிக்கிறாய்’ என்ற கேள்வி வருமே! அதனால் முப்பது பேரும் அவர் இல்லாத இடத்தில் மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வான்ஹில் விறகுக் கூடைக்குள் கையை விட்டாள். அடுப்பு பற்றவைக்க வைத்திருந்த பழைய காகிதங்களுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டி. கையடக்க ஜி.பி.எஸ். கருவியின் பெட்டி. ‘நீர் புகாது. வரைபடம் உண்டு’ என்று மேலே அச்சடித்திருந்தது. உள்ளே ரசீது.

“ஹெர்விக் ஊர்க் கடை. தொண்ணூறு கிலோமீட்டர். இதையே நம்ம ஊர்லயும் விக்கிறாங்களே. சனிக்கிழமையானா நம்ம ஊர்க் கடையில நீதானே நின்னு விக்கிறே, இங்வார்?”

“ஆமா பாஸ்.” அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “வயசானவங்களுக்கு வண்டி ஓட்ட ஒரு சாக்கு வேணுமில்ல.”

அது அவனுடைய மோசமான நகைச்சுவைகளில் ஒன்று. ஏன் என்று அவனுக்குத்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஹால்டன் தன் பழைய கருவியை அவனிடம்தான் கொண்டுவந்தார். திரை போய்விட்டது, புதிதாக ஒன்று கொடு, உள்ளே குறித்து வைத்திருக்கும் இடப் புள்ளிகளை அதற்கு மாற்றிக் கொடு என்றார். மாற்றும்போது கணினியில் ஒரு புள்ளி கண்ணில் பட்டது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் ‘பல் டாக்டர்’. நூர்ஃபெல் மலைக்குப் பின்னால், வீடு வாசல் இல்லாத வனாந்தரத்தில் எந்தப் பல் டாக்டர் உட்கார்ந்திருப்பான்? ஹால்டன் அந்தப் பக்கம் திரும்பி மீன்தூண்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருடைய பழ இடம்தான் என்று புரிந்துகொண்ட இங்வார், அந்தப் புள்ளியின் எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவன் தெற்கத்திக்காரன். ஒன்பது வருடமாக அந்த ஊரில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் விருந்தில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கையால் பறித்த பழத்தைப் பாலாடையில் கலந்து கொண்டுவந்து வைக்கும்போது, அவன் மட்டும் கடையில் வாங்கிய டப்பாவோடு நிற்பான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அதுதான் அவனை அறுத்தது. அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஆகஸ்ட் மாதங்கள் போய்ப் பறித்தான்.

இப்போது ஒரு கிழவர் எங்கோ குளிரில் கிடக்கிறார். அவர் இருக்கும் இடம் தனக்குத் தெரியும் என்று இங்வார் நம்பினான். சொல்ல வேண்டும். சொன்னால் அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பாஸ் தானாகவே கண்டுபிடித்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகவே தன்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஸ்வான்ஹில் அதற்குள் ஹெர்விக் கடைக்குப் போன் போட்டு மேஜை மேல் வைத்திருந்தாள். கடைக்காரம்மாள் நன்றாகப் பேசுகிறவள்.

“அவரை மறக்க முடியுமா? முதல்ல பெரிய தொடுதிரை வச்சதைக் காட்டினேன். பையிலேர்ந்து ஈரமான கம்பளிக் கையுறையை எடுத்து மாட்டிக்கிட்டுத் தேய்ச்சாரு. ஒண்ணும் நகரலை. ‘என் கை ஆகஸ்ட் மாசம் இப்படித்தான் இருக்கும்’னு திருப்பிக் குடுத்துட்டாரு. அப்புறம் பட்டன் வச்சது ஒண்ணு குடுத்தேன். தண்ணி புகாதுன்னேன். நேரா கடையில பூ வச்சிருந்த தண்ணி வாளியில போட்டுட்டாரு!”

“கெட்டுப் போச்சா?”

“கெடலை, முழுகிருச்சு. அடியில ஜம்முனு வேலை செஞ்சுக்கிட்டுக் கிடந்துச்சு. ‘அதுக்கு ஒண்ணும் ஆகலை சரி, அடியில கிடக்கிறதை எவன் எடுக்கிறது? மிதக்குமா, மிதக்காதா?’ன்னு கேட்டாரு. மூணாவது ஒண்ணுதான் மிதந்துச்சு. சாதா பேட்டரி போடறது. அதைத்தான் வாங்கினாரு.”

“எங்க ஊர்க் கடையில வாங்காம ஏன் அவ்வளவு தூரம் வந்தாருன்னு சொன்னாரா?”

“நானும் கேட்டேன். ‘அங்க ஒருத்தன் ரொம்ப உதவி பண்றான்’னாரு.”

இங்வார் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தான். காது மடல் இரண்டும் சுட்டன. ஸ்வான்ஹில் நன்றி சொல்லிப் போனை அணைத்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“அந்தக் கருவிக்குப் போன் பண்ண முடியுமா?” என்று கேட்டாள் தூரி.

“முடியாது” என்றான் இங்வார். “அவர் எங்க இருக்காருன்னு அது அவருக்குத்தான் சொல்லும். நமக்குச் சொல்லாது.” பிறகு பிசிறடித்த குரலில் சேர்த்தான்: “பாஸ், மிதக்கணும்னா பக்கத்துல குட்டை இருக்கணும். நூர்ஃபெல்லுக்குப் பின்னாடி குட்டைங்க நிறைய உண்டு. சும்மா... ஒரு யோசனை.”

“நல்ல யோசனை” என்று எழுந்தாள் ஸ்வான்ஹில். மாத்திரை டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஜீப்பை அவள்தான் ஓட்டினாள். ஐந்து நிமிடம் இருவரும் பேசவில்லை. இங்வார் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் அது செய்தி.

“அடுத்த வளைவுல இடது பக்கம் திரும்பலாமோன்னு...”

“இன்னும் எத்தனை ‘சும்மா ஒரு யோசனை’ வச்சிருக்கே?”

“பாஸ், எனக்கு அந்த இடம் தெரியும். அவர் மிஷின்லேர்ந்து நான் எடுத்தேன். திருடினேன். ரெண்டு வருஷம் அங்க போய்ப் பறிச்சேன். வீட்டுல இருக்கும்போதே சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பலை.”

வண்டி நிற்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை.

“ஒன்பது வருஷத் தெற்கத்திக்காரன் போன கிறிஸ்துமஸ்ல என்கிட்ட ஒரு ஜாடி பழம் குடுத்தான்” என்றாள் அவள். “எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பவே யோசிச்சேன். யோசிச்சுக்கிட்டே ரெண்டாவது கரண்டி போட்டுக்கிட்டேன். அன்னிக்கு எனக்குத் துப்பறியற வேலைக்கு லீவுன்னு வச்சுக்கோ.”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அந்த ஜாடியைக் கொடுக்கும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது!

பாதை முடிந்த இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடை. இங்வார் முன்னால் ஓடினான். “ஹால்டன்! ஹால்டன்!” பதில் இல்லை. பனி சற்று விலகியதும் சதுப்பு தெரிந்தது.

பழம் பழமாகப் பழுத்துக் கிடந்தது. மஞ்சளும் கடந்து, வெளுத்து, குழைந்து, தொட்டால் உதிரும் பதத்தில் ஆயிரக்கணக்கில். ஒரு காம்புகூடக் கிள்ளப்படவில்லை. ஒரு காலடி இல்லை.

“இந்த வருஷம் இங்க யாருமே பறிக்க வரலை” என்றாள் ஸ்வான்ஹில் மூச்சிரைக்க.

நடுவில் ஒரு தட்டைக் கல். ஹால்டன் உட்கார்ந்து காப்பி குடிக்கும் கல். அதன் மேல் ஓர் எனாமல் குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய காகிதம். இங்வார் பிரித்தான். பென்சிலில் எழுதிய பெரிய பெரிய எழுத்து. தேதி இந்த வருடம் ஜூலை மாதம்.

‘உள்ளே வரும்போது பாசி மேலே மிதிக்கிறாய், கல் மேலே கால் வை. சிவப்பாக இருப்பதைப் பறிக்காதே, அது காய். மஞ்சளாகும்வரை பொறு. நான் இனி வரமாட்டேன்.’

அவ்வளவுதான். பெயர் இல்லை, வசவு இல்லை. இங்வார் அதை இரண்டு தரம் படித்தான். முதல் வருடம் அவசரத்தில் சிவப்புப் பழத்தையும் பறித்து, வீட்டுக்குப் போய் எறிந்தது ஞாபகம் வந்தது. அவனால் நிமிர முடியவில்லை. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அப்புறம் அழலாம்” என்றாள் ஸ்வான்ஹில். “இப்ப மூளையை எடு. அன்னிக்கு நீ அவருக்கு எந்தக் கருவி வித்தே?”

“சாதாதான். புள்ளியும் அம்பும் மட்டும் காட்டும். மேப் உள்ளதைத்தான் வாங்கச் சொன்னேன். சிரிச்சாரு. ‘நாப்பது வருஷமாப் போற இடத்துக்கு எனக்கு எதுக்கு மேப்? பனி மூடினா அம்பு போதும்’னு...”

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இப்ப மேப் வாங்கியிருக்காரு” என்றாள் அவள். “அப்படின்னா போறது தெரியாத இடம். எழுபத்து நாலு வயசுல புது இடம் தேடிக் கிளம்பியிருக்காரு. மிதக்கணும்னு கேட்டது எதுக்கு? குட்டையில விழுந்தா மிதக்கிறதும் சேத்துலதான் சிக்கும். இடுப்பளவு தண்ணிக்கு யாரும் பூ வாளியில பரீட்சை வைக்க மாட்டாங்க. கைநழுவினா போயே போச்சுங்கிற ஆழம்.”

“படகு” என்றான் இங்வார். “லாங்வாட்ன் ஏரி. கிராமீராவுல காரை விட்டுட்டு மலை ஏறி இறங்கினா ஏரிதான்.”

“அங்க அஞ்சு தீவு. நாலு வெறும் பாறை.”

அவள் தோளில் இருந்த தேடுதல் குழுவின் ரேடியோவை எடுத்தாள். குழுத்தலைவன் ஓட்வாரைக் கூப்பிட்டு, எல்லோரையும் ஏரிக்குத் திருப்பு, மோட்டார் படகைக் கொண்டு வா என்றாள்.

“விளையாடறீங்களா ஸ்வான்ஹில்? கார் இங்க நிக்குது, பொண்ணு இங்கன்னு சொல்லுது. பாதி சதுப்பு பாக்கி இருக்கு. ஏரின்னு யார் சொன்னது? என்ன ஆதாரம்?”

ஸ்வான்ஹில் ரேடியோவை இங்வாரிடம் நீட்டினாள்.

அது எல்லோருக்கும் கேட்கும் அலைவரிசை. பதினான்கு ரேடியோக்கள். மீன் இறங்குதுறையில் ஒன்று, தேவாலயக் கூடத்தில் சூப் காய்ச்சுகிற பெண்களிடம் ஒன்று, ஹால்டன் வீட்டுச் சமையலறையில் தூரியிடம் ஒன்று. இங்வார் பொத்தானை அழுத்தினான்.

“நான் இங்வார். ஹால்டனோட பழ இடத்தை அவர் கருவியிலேர்ந்து நான் திருடினேன். அது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் இந்த வருஷம் வேற இடம் தேடி ஏரிக்குப் போயிருக்காரு. அவர் மிதக்கிற கருவி வாங்கினாரு. இதான் ஆதாரம்.”

ரேடியோவில் நெடுநேரம் இரைச்சல் மட்டும். அந்த ஊரில் வீட்டைப் பூட்டாமல் தூங்குவார்கள். பழ இடத்தைத் திருடினேன் என்று அதுவரை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

“படகு கிளம்புது” என்றான் ஓட்வார் கடைசியில்.

ஏரிக்கரைப் படகுக் கொட்டகையில் ஹால்டனின் படகு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பக்கத்துப் படகை இழுத்துத் தள்ளி இருவரும் துடுப்புப் போட்டார்கள். பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இங்வார் தன்னுடைய கருவியை எடுத்தான். விலை உயர்ந்த தொடுதிரை. ஈரக் கையுறையால் தேய்த்தான். ஒன்றும் நகரவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து உருவ வேண்டியிருந்தது. சாதாரண நாளாக இருந்தால் இதற்கே பாஸிடமிருந்து நாலு கிண்டல் வந்திருக்கும்.

ஐந்தாவது தீவை நெருங்கும்போது ஒரு குரல் கேட்டது. கூப்பாடு இல்லை, இருமல்.

ஹால்டன் ஒரு மேட்டின் மறைவில் சாய்ந்து கிடந்தார். இடது கால் திரும்பியிருந்தது. உதடு நீலம். படகு கயிறு அவிழ்ந்து போய்விட்டதாம், பிடிக்க ஓடியதில் விழுந்தாராம். மடியில் பாதி வாளி பழம். கையில் கருவி, திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“நல்ல மிஷின்” என்றார் நடுங்கும் தாடையோடு. “நேத்துலேர்ந்து நான் எங்க இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. எனக்கே!”

ஸ்வான்ஹில் மாத்திரையைக் கொடுத்து, தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். ஹால்டன் அப்போதுதான் பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

“ஓ, நீயா? உதவி பண்றவன்.”

இங்வார் தலையைக் குனிந்துகொண்டான். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. கிழவர் பதறிப்போய் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார்.

“யாரு? ஓட்வாரா? ஐயோ, இங்க வேண்டாம்! தீவோட அந்தப் பக்கம் மொட்டைப் பாறை இருக்கு, என்னை அங்க தூக்கிட்டுப் போங்க. அவங்க அங்கதான் என்னைப் பார்க்கணும்.”

“கால் உடைஞ்சிருக்கு மனுஷா!” என்றாள் ஸ்வான்ஹில்.

“கால் கூடிரும். ஓட்வார் இந்தப் பழ இடத்தைப் பார்த்துட்டான்னா?”

இங்வார் குனிந்து முதுகைக் காட்டினான். ஸ்வான்ஹில் ஒரு நிமிடம் இருவரையும் பார்த்துவிட்டு, வாளியைத் தன் சால்வையால் மூடி எடுத்துக்கொண்டு படகுக்குப் போனாள். கிழவர் முதுகில் இவ்வளவு லேசாக இருப்பார் என்று இங்வார் எதிர்பார்க்கவில்லை. பாசியை மிதிக்காமல், கல் பார்த்துக் கால் வைத்தான்.

“என்னை மன்னிச்சிடுங்க” என்றான் முன்னால் பார்த்தபடி.

கிழவர் அவன் தோளைப் பிடித்திருந்த பிடியை மாற்றிக்கொண்டார்.

“இந்த இடமும் இப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் நான் எங்க போறது?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்டார். அதற்குத்தான் இங்வாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பழைய இடத்துக்கே போங்கள், நான் வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். இதை எந்த முகத்தோடு சொல்வது, அவர் எதை வைத்து நம்புவது என்று தோன்றியதும் விழுங்கிக்கொண்டான்.

மொட்டைப் பாறையில் அவரை இறக்கி உட்கார வைத்தபோது படகு பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. நாலு பேர். ஹால்டனைக் கம்பளியில் சுற்றினார்கள், சூடாகக் குடிக்கக் கொடுத்தார்கள். இங்வாரை யாரும் பார்க்கவில்லை. அவன் கயிற்றைப் பிடிக்க நீட்டிய கையைத் தாண்டி இன்னொருவனிடம் கயிற்றை எறிந்தார்கள்.

“மொட்டைப் பாறையில என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க ஹால்டன்?” என்றான் ஓட்வார்.

“மீன் பிடிச்சேன்.”

“தூண்டில்?”

“முழுகிருச்சு.”

ஓட்வார் மேலே கேட்கவில்லை. நாகரிகம் தெரிந்த ஆள். கிழவரைப் படகில் ஏற்றிக் கிடத்திவிட்டு, கரையில் தனியாக நின்ற இங்வாரிடம் வந்தான். முதல் முறையாக முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“நீ பண்ணினது கேவலம். அது வேற விஷயம்.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “கிழவரோட அந்தப் பழைய இடம்... எந்தப் பக்கம் அது?”

படகில் கம்பளிக்குள் ஹால்டன் கண்ணை இறுக மூடியிருந்தார். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது இங்வாருக்குத் தெரிந்தது. அவன் முகம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஓட்வாரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தான்.

“கிழக்கே” என்றான். “கிராமீராவுல.”